வெள்ளிக்கிழமைக்காரி

ஜூன் 7, வெள்ளி

ஐம்பதுக்கு முப்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தால்தான் தேர்ச்சி. போச்சு.

ஆனால் ஐம்பது கேள்வியில் நாற்பத்தாறை வரி பிசகாமல் வெளியே கொண்டுவந்துவிட்டேன். தோற்ற நாளில் இதை எழுதிக்கொள்வது வெட்கக்கேடுதான். இருந்தாலும் இன்றைக்கு என்னைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது இதற்கு மட்டும்தான்.

விமானம் ஓட்டப் பழக வேண்டுமென்றால் முதலில் மாணவர் உரிமம் வேண்டும். அதற்கு ஓர் அடிப்படைத் தேர்வு. வானிலை, விதிகள், எஞ்சின், இறக்கை எல்லாம் கலந்து ஐம்பது கேள்வி, ஒரு மணி நேரம். எழுதி முடித்ததும் அங்கேயே திருத்தி மார்க் சொல்லிவிடுவார்கள். எங்கள் ஃபிளையிங் கிளப் அதை மாதத்தின் முதல் வெள்ளியும் சனியும் நடத்துகிறது. சிலர் வெள்ளி, மீதிப் பேர் சனி. இரண்டு நாளும் ஒரே கேள்வித்தாள்தான். மாற்றி அச்சடிக்க அங்கே யாருக்கும் உடம்பு வணங்காது.

பல்லாவரத்தில் பரசுராமன் சாரின் கோச்சிங் சென்டர் இந்தச் சோம்பேறித்தனத்தை நம்பித்தான் நடக்கிறது. யார் வெள்ளி, யார் சனி என்று அவர்தான் முடிவு செய்வார். வெள்ளிக்கிழமைக்காரர்களுக்கு ஆளுக்குப் பத்துக் கேள்வி பங்கு. உள்ளே போய்த் தன் தேர்வையும் எழுத வேண்டும், பங்குக் கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டும் வர வேண்டும். வெளியே டீக்கடை பெஞ்சில் சார் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். ஒப்பித்துவிட்டுத்தான் டீ குடிக்கலாம்.

மற்றவர்கள் ஆறும் ஏழும் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள். நான் என் பத்தோடு அவர்கள் பங்கையும் சேர்த்துச் சொன்னேன். பாளையங்கோட்டையில் ஆறு வருடம் மருந்துக்கடையில் நின்றவள் நான். எந்தத் தட்டில் எந்த மாத்திரை என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். கேள்விகளையும் அப்படித்தான் தட்டுத் தட்டாக அடுக்கிக்கொண்டு வந்தேன்.

"இசக்கி, நீ மனுஷியாம்மா, டேப் ரிக்கார்டராம்மா?" என்றார் சார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 8, சனி

என் கேள்விகளை வைத்து எழுதிய பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் தேறிவிட்டார்கள். என்னோடு சென்டரில் படிக்கிற ரூம்மேட் மெர்லின் முப்பது.

ஜூன் 11, செவ்வாய்

சார் எனக்கு ஆபீஸ் அறையில் தனி மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார். ஃபேனுக்கு நேர் கீழே. பழைய கேள்விகளையெல்லாம் தலைப்பு வாரியாகப் பிரித்து டைப் செய்ய வேண்டும். "இத உன்ன நம்பித்தாம்மா குடுக்க முடியும். மத்ததுங்க எல்லாம் அரைகுறை" என்றார். பக்கத்து அறையில் வகுப்பு நடக்கும்போதே செய்துவிட்டால் சாயங்காலம் எனக்குப் படிக்க நேரம் கிடைக்குமாம். அவர் சொல்வதும் சரிதான்.

கிளப்பில் எனக்கும் மெர்லினுக்கும் ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். மூன்று முறை எழுதலாம். மூன்றாவதிலும் கோட்டைவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டு முறை மிச்சம் இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

ஜூன் 19, புதன்

வானிலை வகுப்பு ஒரு வாரமாக நடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சார் மேகங்களைப் பற்றிச் சொல்வது காதில் விழுகிறது. என் கீபோர்டு சத்தத்தில் பாதி புரிவதில்லை. பிறகு புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நான் டைப் செய்த கேள்விகளை அழகாகப் பின் அடித்து ஒரு பிரதி மெர்லினுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

"எனக்கு வேண்டாம் அக்கா. நான் படிச்சத நான் எழுதுனா போதும்."

"ஏட்டி, எல்லாரும் இத வச்சுத்தான் பாஸ் பண்ணுதாங்க. நீ மட்டும் என்ன பெரிய இவளா?"

"அப்பிடி இல்ல அக்கா. மேல போனா நமக்க கூட சாரா வருவாரு? இதுல பாத்து எழுதிட்டுப் போனா எனக்குப் பயமாக்கும்."

மார்த்தாண்டத்துக்காரி. இருபத்திரண்டு வயது. முப்பது மார்க் வாங்கியவளுக்கு இந்தப் பேச்சு. நான் ராத்திரியும் பகலுமாக உட்கார்ந்து சேர்த்ததை இளப்பமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வானிலைப் புத்தகத்துக்குள் போய்விட்டாள். அந்தப் பிரதியை என் அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

அம்மா போன். "ஏட்டி, பிளேனுல ஏறிட்டியா இல்லியா? தெருவுல எல்லாவளும் கேக்காளுவ."

அடுத்த மாதம் என்றேன்.

ஜூன் 30, ஞாயிறு

ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை. துணி துவைக்கவில்லை. விதிகள் இரண்டு அத்தியாயம் படித்தேன். வானிலை தொடவில்லை.

ஜூலை 5, வெள்ளி

முப்பத்துமூன்று.

ஐம்பது கேள்வியும் கொண்டுவந்தேன். ஐம்பதும். விடை வரிசை உட்பட. சார் டீக்கடையில் எழுந்து நின்று கைகொடுத்தார். என் மார்க்கை அவர் கேட்டது இரண்டாவது டீ வந்த பிறகு.

ஒன்பது கேள்விக்கு வட்டம் கருப்பாக்கவே நேரமில்லை. ஹாலில் கடிகாரம் என் முதுகுப் பக்கம் மாட்டியிருந்தார்கள். கண்காணிப்பாளர் வேறு ஷூவைத் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டிருந்தார். காலையில் ஹாஸ்டல் பொங்கல் நெஞ்சைக் கரித்தது. இப்படியெல்லாம் இருந்தால் யாரால் எழுத முடியும்?

ஜூலை 6, சனி

மெர்லினும் முப்பத்துமூன்று. அழுதாள். கையைக் காட்டினாள், இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. "முதக் கேள்விய வாசிக்கும்பம் எழுத்தெல்லாம் மெதக்குது அக்கா. ஒண்ண வாசிச்சு முடிக்கதுக்குள்ள கால் மணி நேரம் போயிருது. அது தாண்டிட்டா பிறவு செரியாயிரும். ஆனா நேரம் இருக்காது."

என் பிரதியை வாங்கியிருந்தால் எதுவும் மிதந்திருக்காது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவளுக்கு என்னைவிட ஒரு மார்க் கூட அதிகமில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்ததையும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பதினைந்து பேர் எழுதி, மெர்லினைத் தவிர எல்லாரும் பாஸ். சென்டரில் கேக் வெட்டினார்கள். முதல் துண்டு எனக்கு.

ஜூலை 10, புதன்

ஆபீஸ் அறை வெள்ளைப் பலகையில் இந்த வருட அட்டவணையை சார் எழுதி வைத்திருக்கிறார். மாதா மாதம் வெள்ளி யார், சனி யார் என்று. எப்போதும் திரை போட்டிருக்கும். இன்றைக்கு ஏசி மெக்கானிக் வந்து ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார்.

ஆகஸ்ட் வெள்ளியில் என் பெயர். சரி. செப்டம்பர் வெள்ளியிலும் என் பெயர். அக்டோபர், நவம்பர், டிசம்பர், எல்லா வெள்ளியிலும் இசக்கி, இசக்கி என்று சிவப்பு மையில். செப்டம்பரிலிருந்து பக்கத்தில் வேறு ஓர் ஊர்க் கிளப்பின் பெயரும் இருக்கிறது.

மற்றவர்கள் யார் பெயரும் இரண்டு மாதத்துக்கு மேல் இல்லை.

சும்மா கட்டத்தை நிரப்பி வைத்திருப்பார். சாருக்குக் காலிக் கட்டம் பிடிக்காது.

ஜூலை 11, வியாழன்

சும்மா நிரப்பவில்லை. கேட்டுவிட்டேன்.

"ஆகஸ்டுல நான் பாஸ் பண்ணிட்டா செப்டம்பர்ல எதுக்கு சார் எழுதணும்?"

அவர் பதறவில்லை, கோபப்படவுமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாஸ் பண்ணிட்டா எனக்கும் சந்தோஷம்தாம்மா. ஒருவேளை இல்லேன்னா வீணாப் போயிடக் கூடாதுன்னு பிளான் பண்ணி வச்சேன்."

"எது சார் வீணாப் போகும்?"

"உன் தலைதாம்மா. உண்மையச் சொல்லட்டுமா? பைலட் ஆகணும்னு தெருவுக்கு நாலு பேர் வர்றாங்க. இந்த மாதிரி ஒரு தல எனக்கு இருபது வருஷத்துல கிடைச்சதில்ல. அந்தக் கிளப் போனா இன்னொரு கிளப். நான் பேசி வச்சிருக்கேன். இல்லேன்னா இங்கயே ஸ்டாஃபா வந்துடு. ஏன் முகத்த அப்படி வச்சுக்கற?"

நான் தோற்பதற்கு மனிதர் முன்கூட்டியே இடம் பிடித்து வைத்திருக்கிறார்! அதுவும் எவ்வளவு பாசமாக! வானிலை வகுப்புக்கு வர வேண்டும் என்றேன். "அது போன வாரமே முடிஞ்சுபோச்சேம்மா. அடுத்த பேட்ச் செப்டம்பர்ல" என்றார்.

இரண்டு தேர்விலும் எனக்கு அடி விழுந்தது வானிலையில்தான். ஒரு வகுப்பு நான் உட்காரவில்லை. ஒரு மாதமாக ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஊரார் பாஸ் பண்ணுவதற்கு டைப் அடித்திருக்கிறேன். டேப் ரிக்கார்டர் என்று சொன்னதும் பல்லை இளித்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

மெர்லினிடம் சொன்னேன். சொல்லிக் காட்டுவாள் என்று நினைத்தேன். "நாளைக்குக் காலைல மொட்டை மாடிக்கு வாங்க அக்கா, வானிலை முழுக்க நான் சொல்லித் தாரேன்" என்றாள், அவ்வளவுதான்.

ஜூலை 17, புதன்

காலை ஆறிலிருந்து எட்டு வரை மொட்டை மாடி. துணிக்கொடிகளுக்கு நடுவே பாய் போட்டு உட்கார்கிறோம்.

உயரமானியைப் புத்தகத்தில் நான்கு முறை படித்தும் எனக்கு ஏறவில்லை. இவள் ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டாள். "அது உயரத்த அளக்கதில்ல அக்கா. காத்துக்க கனத்தத்தான் அளக்குது. காத்து லேசாச்சுன்னா நாம மேல போயிட்டோம்னு நெனச்சுக்கும். அதனால அழுத்தம் கொறஞ்ச எடத்துக்குள்ள போனா, நாம உண்மையில இருக்கதவிட மேல இருக்கதாட்டு காட்டும். நம்பிட்டுப் போனா மலையில இடிப்போம்."

இவ்வளவு தெரிந்தவள் இரண்டு முறை தோற்றிருக்கிறாள். எனக்கு எரிகிறது. எதற்கு எரிகிறது என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

மேகம், மூடுபனி, காற்றின் திசை முடிந்தது. மெர்லினுக்கும் இதுதான் கடைசி முறை, ஆனால் தன் படிப்பைவிட என் படிப்புக்குத்தான் அதிக நேரம் போகிறது அவளுக்கு. கேட்டால், "சொல்லித் தரும்பம் எனக்கும் படிஞ்சிரும் அக்கா" என்கிறாள். அப்படியென்றால் நான் அவளுக்கு உதவுகிறேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 29, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். இந்த முறை ஒரு கேள்விகூட வெளியே கொண்டுவர மாட்டேன். யாருக்கும் கிடையாது.

சென்டரில் வழக்கம்போல் பங்கு பிரித்தார்கள். ஒன்று முதல் பத்து எனக்கு. தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நாற்பத்தொன்று! நாற்பத்தொன்று!

வானிலையில் பன்னிரண்டுக்குப் பதினொன்று. உயரமானிக் கேள்வி வந்தது, கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். கேள்வியைப் படித்தேன், விடையைப் போட்டேன், அடுத்ததற்குப் போனேன். இத்தனை சுலபமாகவா ஜனங்கள் தேர்வு எழுதுகிறார்கள்? எட்டு நிமிஷம் மிச்சம் இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டீக்கடையில் சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஆரம்பிம்மா, ஒண்ணாம் நம்பர்" என்றார்.

"ஞாபகம் இல்ல சார்."

"என்னம்மா விளையாட்டு?"

"விளையாட்டு இல்ல. ஒண்ணும் ஞாபகம் இல்ல."

மற்ற வெள்ளிக்கிழமைக்காரர்கள் தங்கள் பங்கில் முக்கால்வாசி ஒப்பித்தார்கள். முதல் பத்து மட்டும் நோட்டில் காலி. சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ சொல்லி, குடித்துவிட்டு வந்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு டீ குடித்ததில்லை.

இதோடு இன்றைய நாளை முடித்திருக்கலாம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மெர்லின் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். நான் தேறியதற்குக் காலையிலேயே கட்டிப்பிடித்துக் குதித்துவிட்டாள். இப்போது முகம் வெளுத்திருந்தது. கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லு."

"முதக் கேள்வி மட்டும் சொல்லித் தாங்க. விடை வேண்டாம், கேள்வி போதும். மத்த நாப்பத்தொம்பதும் நானே எழுதிருவேன். முதக் கேள்வி தெரிஞ்சதா இருந்தா எனக்குக் கை நடுங்காது."

அந்தக் கேள்வி என் கண் முன்னால் நின்றது. இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? இரண்டுமே வலப்பக்கம். பைலட் ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிற முதல் நாளே தெரிந்துகொள்கிற சங்கதி. மெர்லினைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"ஞாபகம் இல்லட்டி" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு அக்கா."

"அதான் சொல்லுதேன்லா. மனசுல எதையும் வைக்கக் கூடாதுன்னுதான் உள்ள போனேன். எல்லாம் போயிட்டு."

"செரி அக்கா" என்று எழுந்துபோய்த் தன் மேஜையில் உட்கார்ந்தாள்.

கொள்கை என்றால் கொள்கைதான். ஒருத்திக்குச் சொன்னால் அப்புறம் எல்லாருக்கும் சொல்ல வேண்டியதுதான். மேலும் எனக்கு வேண்டாம், படித்ததை எழுதினால் போதும் என்று சொன்னவளும் இவள்தான். நான் சொல்லவில்லை, அவளே சொன்னது. ஜூன் பத்தொன்பதாம் தேதி.

ஆகஸ்ட் 3, சனி

முப்பத்துநான்கு.

ஒரு மார்க். முதல் கேள்வியிலேயே பதினாறு நிமிஷம் போய்விட்டதாம். வலமா இடமா என்று அழித்து அழித்துப் போட்டு, விடைத்தாள் அந்த இடத்தில் கிழிந்தே போய்விட்டதாம். கடைசிப் பக்கத்தைத் திருப்பவே நேரம் இல்லையாம்.

சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். சாப்பிடவில்லை. நான் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மெர்லின் போய்விட்டாள். அவள் அண்ணன் வந்து பெட்டியைத் தூக்கினார். ஆட்டோ ஏறும்போது வானிலை நோட்டை என் கையில் கொடுத்தாள். "இனி ஒங்களுக்குத்தான் ஒதவும்" என்றாள்.

பிறகு இன்னொன்றும் சொன்னாள். நான் கேட்கவே இல்லை. "முதக் கேள்வி வலப்பக்கம் திரும்புறதாக்கும் அக்கா. பாத்ததும் ஒங்கள நெனச்சேன். இவ்வளவு லேசான கேள்வி அக்காவுக்கு ஞாபகம் இருந்திருந்தா கண்டிப்பா சொல்லியிருப்பாங்க, பாவம், அவங்களுக்குப் பரீட்ச டென்ஷன்னு நெனச்சேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். குத்திக் காட்டுகிறாளா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. நம்பித்தான் சொன்னாள். திட்டியிருக்கலாம். என் அலமாரியை உடைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஆகஸ்ட் 7, புதன்

சென்டரில் மிச்சமிருந்த புத்தகங்களை எடுக்கப் போனேன். வெள்ளைப் பலகையில் என் பெயரை ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்தார்கள். அதே கட்டங்களில் வேறொரு பெண்ணின் பெயர். மதுரைக்காரியாம், பத்து நாளாயிற்றாம் சேர்ந்து. என் மேஜையில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"வாழ்த்துகள்மா" என்றார் சார், தலையை நிமிர்த்தாமல். அந்தப் பெண்ணிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாசல்வரை வந்து திரும்பினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுப் புத்தகங்களோடு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கிளப்பில் பெயர் பதிந்துகொண்டார்கள். யூனிஃபார்முக்கு அளவு எடுத்தார்கள். முதல் பறப்பு அடுத்த வாரம். ஓடுபாதை ஓரம் நின்ற சின்ன விமானத்தின் இறக்கையைத் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது.

மெர்லின் இடத்துக்கு ஈரோட்டுப் பையன் ஒருவன் வந்துவிட்டான். நல்ல பையன்தான். அவனைக் கண்டாலே ஆகவில்லை.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டுச் சந்தோஷப்பட்டாள். வாசலில் யார் யாரையோ கூப்பிட்டாள். எல்லாம் அடங்கிய பிறகு கேட்டாள்:

"ஒங்கூடத் தங்கியிருந்துச்சே மார்த்தாண்டத்துப் பிள்ள, ஒனக்குப் பாடம்லாம் சொல்லித் தருதான்னு சொன்னியே, அதுவும் பாஸ் ஆயிட்டா?"

"இல்லம்மா."

"ஐயோ. ஏம்ட்டி? என்னாச்சு?"

"அவ சரியாப் படிக்கலம்மா" என்றேன்.